போமலின் காக்காவின் மூன்றாவது கேன்

சுனாமிக்கு மூன்றாம் நாள் காலை, ஏழு மணி பத்து. கல்முனைக் கடற்கரை வீதியில் நான் முதலில் கண்டது, இடிபாட்டுக் குவியலின் மேல் குந்தியிருந்து பிளாஸ்டிக் கேன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரை. சுற்றிலும் எல்லோரும் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கேன் தேடினார்.

அவர்தான் போமலின் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் அண்ணன். இலங்கையின் கிழக்குக் கரை முழுவதிலும் தண்ணீரைச் சந்தேகித்தே காலம் கழித்த ஒரே மனிதர் அவர் என்று அடித்துச் சொல்வேன். கலியாண வீட்டில் தண்ணீர் வைத்தால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரின் மூக்கருகே நீட்டி, "மணம் வருதா பாருங்க" என்பார். அந்த ஆள் மணந்து பார்த்து இல்லை என்ற பிறகுதான் குடிப்பார். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை சண்டைக்கு வந்ததுண்டு.

கடலோர ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் அவர் உதவியாளர். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கிற சதைத் துண்டு அழுகாமல் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அது போமலினில் ஊறியிருக்க வேண்டும். அந்தப் போமலினுக்கு இவர் காவல். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஊர்ப் பெரியவரைப் போல மரியாதையாக 'அவர்' என்பார்.

"அவர் உள்ள இரிக்கார். ஜன்னலத் திறங்க."

"மழை அடிக்குது காக்கா."

"நனைஞ்சா காயலாம். அவர நெஞ்சுக்குள்ள இழுத்தா ஒண்டும் செய்யேலா."

மாரி காலத்தில் அந்த அறைக்குள் குடையோடு வேலை செய்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருமுறை தாதி ஒருத்தியின் கண்ணில் ஒரு துளி தெறித்தது. காக்கா குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கண்ணை மூடாமல் தண்ணீருக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, கால் மணி நேரம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் போதும் போதும் என்று கத்தினாள். "இன்னும் ஆறு நிமிசம் இரிக்கி" என்றார் இவர். கண் தப்பியது. மூன்று மாதம் அவள் இவரோடு கதைக்கவில்லை.

வெறும் கேனை வெளியே போடுவதென்றால் முதலில் அதன் அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போடுவார். எங்கள் பக்கத்தில் அது பெரும் பாவம். யுத்தத்தோடு வளர்ந்த ஊர் இது. மூடியுள்ள கேனை யாரும் எறிவதில்லை. மண்ணெண்ணெய்க்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, வலைக்கு மிதப்பாக ஒன்று என்று வைத்திருப்பார்கள். மீன்பிடிகாரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து கெஞ்சுவார்கள்.

"புளியும் சாம்பலும் போட்டுக் கழுவினா சரிதானே காக்கா? ஏன் நாசமாக்குறீங்க?"

"அதுல தண்ணி அள்ள மாட்டன் எண்டு உங்கட பொஞ்சாதிக்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, தாறன்."

எந்த மீனவரும் அந்தக் கடிதத்தோடு திரும்பி வந்ததில்லை.

அந்த மனிதர்தான் இடிபாட்டின் மேல் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"களஞ்சிய அறைய அலை கொண்டு போயிட்டு தம்பி. பாதி நிறைஞ்ச கேன் மூணு. ரெண்டு கிடைச்சிட்டு, ஆஸ்பத்திரில வச்சுப் பூட்டிட்டன். ஒண்டக் காணல்ல. லேபிள் கழண்டு போயிரிக்கும். பாத்தா சும்மா தண்ணி."

அப்போது நான் ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்; கைவசம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கரையில் நின்ற ஒருவர், மிதந்து வந்த வெள்ளைக் கேன் எல்லாவற்றையும் நேற்றே உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சொறிக்கல்முனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். காக்கா அவர் முடிக்கும்முன் என் பின்னால் ஏறிவிட்டார். அலை உடைத்த வீதிகளைச் சுற்றிப் போன வழி முழுக்க என்னை விரட்டிய ஒரே வார்த்தைதான்: "கெதியா."

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. அத்தனை சனம் அள்ளியதில் கிணறு சேறாகிவிட்டது. தண்ணீர் பவுசர் வண்டி மறுநாள்தான் வரும் என்றார்கள். சமையலுக்குப் பொறுப்பு பாண்டிருப்பிலிருந்து ஓடிவந்த பூமணி அக்கா. கடலில் வள்ளத்தை இழந்தவர், குரலை இழக்காதவர்.

"தண்ணிக்கேன் எங்க?" என்றார் காக்கா.

"ஆரு நீங்க? வந்ததும் வராததுமா தண்ணியக் கேக்குறீங்க!"

விசயத்தைச் சொன்னோம். பூமணி அக்காவின் முகம் மாறியது. சுகாதார அதிகாரி முதல்நாள் வந்து, கிருமிநாசினி மணக்கிற தண்ணீரை மட்டும் குடியுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். நல்ல புத்திமதிதான். வெறுமையாக வந்த கேன்களில் கிணறு சேறாகுமுன் தண்ணீர் அள்ளிக் குளோரின் தூள் போட்டிருந்தார்கள்; தண்ணீரோடு வந்ததை அப்படியே விட்டிருந்தார்கள். இவர்களும் அதன்படி, மூக்கில் நன்றாக ஏறுகிற கேன்களாகப் பார்த்து ஆறைப் பிரித்து ஒரு வகுப்பறையில் வைத்திருந்தார்கள்.

"ஆருக்கு?" என்றார் காக்கா.

"கைக்குழந்தையளுக்கு. பால்மா இப்பதான் வந்தது. பத்து மணிக்குக் கரைக்கப்போறம்."

மணி ஒன்பது இருபது.

வகுப்பறை மூலையில் குளோரின் தூள் மூட்டை ஒன்று கிழிந்து கிடந்தது. ஆறு கேனும் ஒரே வெள்ளை, ஒரே அளவு; ஆறிலும் பாதிதான் தண்ணீர். எதிலும் லேபிள் இல்லை.

"ஆறையும் ஊத்திருவம்" என்றேன்.

"ஊத்திப்போட்டு?" என்று பூமணி அக்கா என்மேல் பாய்ந்தார். "பதினொரு புள்ளை கிடக்கு. நாளைக்குப் பவுசர் வாற வரைக்கும் கண்ணீரையா குடுக்கிற?"

காக்கா என்னை மூலைக்கு இழுத்தார். "நீங்க மணந்து பாருங்க தம்பி."

மூடியை இலேசாகத் தளர்த்தி முதலாவதை மணந்தேன். குளோரின். இரண்டாவது, குளோரின். மூன்றாவதை மணப்பதற்குள் மூக்கு மரத்துவிட்டது. அறையே குளோரினாக இருந்தது.

"எனக்கு விளங்கல்ல. நீங்கதானே ஆள், நீங்க பாருங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மணம் தெரியா தம்பி. எட்டு வருசம். அவரோட இருந்து இருந்து போயிட்டு. ஆருக்கும் தெரியா. தெரிஞ்சா என்னை லேப்ல வச்சிரிக்க மாட்டாங்க."

கலியாண வீடுகளில் நீட்டிய கிளாஸ்கள் எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவற்றை நினைக்க நேரமில்லை. ஒன்பது முப்பத்தைந்து.

காக்கா வாசலுக்கு வந்தார். "இந்தக் கேனுகளத் தூக்கினவங்க எல்லாரும் கையக் காட்டுங்க!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காக்கா கைரேகை பாக்கப்போறாராம்" என்றாள் ஒருத்தி.

"எனக்கு வெளிநாட்டுப் பயணம் இருக்கா எண்டு பாருங்க காக்கா!"

மூன்று நாளில் அந்த முற்றத்தில் கேட்ட முதற் சிரிப்பு அதுவாக இருக்கலாம். காக்கா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல், குனிந்து குனிந்து ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனார். ஐந்தாவதாக நின்ற இளம்பெண்ணிடம் நின்றார். இடுப்பில் குழந்தை. வலக்கை விரல் நுனிகள் வெளுத்து, தோல் தடித்து, பதப்படுத்திய தோலைப் போல இருந்தன.

"விரல் உணருதா புள்ள?"

"விறைச்ச மாதிரி இருக்கு காக்கா. கடல் தண்ணில நிண்டதால எண்டு நினைச்சன்."

"எந்தக் கேன் தூக்கின?"

அவள் வாசலோரக் கேனைக் காட்டினாள். "மூடி ஒழுகினது. நான்தான் பொலித்தீன் சுத்தி இறுக்கினன். என்ட புள்ளைக்கு முதல்ல எடுப்பம் எண்டு முன்னுக்கு வச்சன்."

காக்கா சட்டைப் பையிலிருந்த கையுறையை மாட்டினார். கேனைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், காற்று முதுகுப்பக்கம் வருமாறு நின்று, எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லி, மூடியை அரைச் சுற்றுத் திருப்பினார். முகத்தை ஒருகணம் அருகே கொண்டுபோனார். இரண்டு கண்ணும் பொலபொலவென்று ஊற்றின.

"இவர்தான்" என்றார்.

மற்ற ஐந்து கேன்களையும் அதே திடலில் அதே மாதிரித் திறந்து பார்த்தார். கண் கலங்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணை வயல் வாய்க்காலுக்கு அனுப்பி, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கையை வைத்திருக்கச் சொன்னார். குழந்தையைப் பூமணி அக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

"அத இப்பிடியே வயலுக்குள்ள ஊத்தினா என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"வயல் குடிச்சிட்டு உங்களுக்குத்தான் தரும்" என்றார் காக்கா. மூடியை இறுக்கி, கேனைச் சாக்கில் கட்டி, தன் மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் சாக்கைத் தொட்டு, தண்ணீரா என்று சிங்களத்தில் கேட்டான். உதடு வெடித்திருந்தது, தாகம். கை மூடிக்குப் போனது. காக்காவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். "வத்துர நெமெய் மாத்தயா! வச!" என்று கத்தினார். தண்ணீர் இல்லை ஐயா, நஞ்சு. நான்கு துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. ஆஸ்பத்திரி அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையிலிருந்து வெளியே வர எடுத்த நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

சாவடியைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகு கேட்டார்.

"இத எழுதப்போறீங்களா தம்பி?"

"பெரிய செய்தி காக்கா. முதல் பக்கம்."

"எழுதினா, மணந்து பாத்திருந்தா ஒரு நிமிசத்து வேலதானே, ஏன் கையப் பாத்த எண்டு பெரிய டாக்டர் கேப்பார்." பிறகு, "மூணு பொம்புளப் புள்ள இரிக்கி எனக்கு" என்றார்.

யுத்தம் முடிந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். இப்போது வரிப்பத்தான்சேனையில் இளைய மகளோடு இருக்கிறார். இனி எழுதலாம் என்று போன மாதம் அவரே சொன்னார்.

அன்று மாலை நான் கொழும்புக்குத் தொலைபேசியில் வாசித்த செய்தி இரண்டு வரி. சொறிக்கல்முனை முகாமில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுகிறது. அங்கு கைக்குழந்தைகள் பதினொன்று உள்ளன.