ஈயம் வைக்காத பூமி

பூமி ஆடுகிறது என்று கேள்விப்பட்டு, அதன்மேல் உண்மையாகவே கோபப்பட்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில், நான் கவுண்டரில் உட்காரும் டயர் கடையில், கார் சக்கரங்களுக்கு பேலன்சிங் பார்த்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் பேலன்ஸ் அண்ணே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டால் எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று கிராம் கணக்கில் காட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் விளிம்பில் ஈயத் துண்டைத் தட்டிப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் தொண்ணூறில் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கும். திரையில் பூஜ்யம் வந்ததும் மற்றவர்கள் சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள். பேலன்ஸ் அண்ணே அந்தப் பூஜ்யத்தை நம்ப மாட்டார்.

"அஞ்சு கிராமுக்குக் கீழ இருந்தா மெஷினு மறைச்சுப்புடும் லா. மொதலாளிக்கு நல்ல புள்ளையாட்டம் பூஜ்யம் காட்டும்!"

ஒரு பொத்தானை அமுக்கி, ஒளிந்திருக்கும் மூன்று கிராமை வெளியே இழுப்பார். பிறகு ஈயத்தை வெட்டுவார், அரத்தால் ராவுவார், வைப்பார், சுற்றுவார், முறைப்பார், பிடுங்குவார். வாடிக்கையாளர் பக்கத்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் தின்று, தேத்தண்ணி குடித்து, பேப்பரில் மரண அறிவித்தல் வரை படித்துவிட்டு வந்தாலும் கார் ஜாக்கியிலேயே நிற்கும்.

பூமி விவகாரம் அவருக்குக் கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்து வந்தது. மறுநாள் காலை என்னைக் கதவு திறக்கக்கூட விடவில்லை.

"தம்பி, சேதி தெரியுமா? வட துருவம் ஒரு எடத்துல நிக்கல. வட்டம் போட்டுக்கிட்டு அலையுது."

"எவ்வளவு தூரம் அண்ணே?"

"ரெண்டு பேட்மிண்டன் கோர்ட்டுக்குள்ள அடங்கிரும்."

"அவ்வளவுதானா?"

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்து மாட்டியவர் குனோங் ராபாட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியர். "பூமி சாய்ஞ்சுதானே அண்ணே சுத்துது, அதான் ஆடுது," என்று பாடம் எடுத்துவிட்டார். அண்ணே சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சார், சாய்வு அலைன்மெண்ட். ஆட்டம் பேலன்சிங். ரெண்டும் வேற வேற வேல. இது தெரியாமதான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"அப்ப யாருதான் ஆட்டுறா?"

"யாரும் ஆட்டல சார். கனம் எடம் மாறுது. காத்து ஒரு பக்கம் அமுக்குது, கடலு ஒரு பக்கம் அமுக்குது, அதுல வட்டம் போடுது. அந்த வட்டமே கொஞ்சம் கொஞ்சமா நகருதே, அதுக்கு வேற காரணம். பனி உருகித் தண்ணி கடலுக்குப் போவுது. நெலத்தடித் தண்ணிய உறிஞ்சுறான், அதுவும் கடலுக்குத்தான் போவுது. எந்தக் காலத்துலயோ பனிக்கட்டி அமுக்கி வெச்ச நெலம் இப்பதான் மெதுவா எந்திரிக்குது. ஒரு எடத்துக் கனத்த எடுத்து இன்னொரு எடத்துல கொட்டினா ஆடாம என்னா செய்யும்?"

அத்தனையும் சரி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நானும் ஆசிரியரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணே சிரிக்கவில்லை.

"எங்க எஸ்டேட்ட வித்தப்ப ரெண்டு லயத்து வீட்டு ஜனத்த லோரியில ஏத்தி இங்க ஃப்ளாட்டுல கொட்டினாங்க சார். எதிர்ப்பக்கம் எவனாச்சும் அஞ்சு கிராம் ஈயம் வெச்சானா? நாங்க ஆடுனா மட்டும் குடிகாரப் பயலுகன்றான்."

ஆசிரியர் அன்று தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. வேலை முடியும்வரை சக்கரத்தின் பக்கத்திலேயே நின்றார்.

முதலாளிக்குப் பூமி எப்படிப் போனாலும் கவலையில்லை. ஒரு காருக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இழுத்தால் வேறு ஆள் என்று அண்ணேயின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஒரு மாதம் அவருடைய நேரத்தைக் குறித்து வைக்கும் புண்ணிய காரியத்தை என் தலையில் கட்டினார். அண்ணேக்கு அறுபதை நெருங்கும் வயது. வேறு எந்தக் கடை கூப்பிடும்?

"அண்ணே, ஒரு மாசம் மட்டும் மெஷின நம்புங்களேன்," என்று கெஞ்சினேன்.

"நம்பிட்டு? அந்த மூணு கிராமோட அவன் லூமுட் கடற்கரை வரைக்கும் போவணுமா?"

நோட்டில் நாற்பது என்று எழுதினேன். நாற்பத்தைந்து. ஐம்பது. இருபது என்று எழுதியிருந்தால் முதலாளி வந்து சரிபார்த்திருக்க மாட்டார். ஆனால் எனக்கும் வேலை வேண்டும். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் அவரைப் போகச் சொன்னார்கள்.

கடைசி நாள் அந்த நோட்டை அவரே கேட்டு வாங்கிப் புரட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

"நிமிஷமெல்லாம் கரெக்டா எழுதியிருக்கியாடா?"

"ஆமா அண்ணே."

"பாகுஸ், நல்லது. தப்பா எழுதியிருந்தா செவுளு பேந்திருக்கும்."

ஏசியிருந்தால் தேவலை. அதோடு விடாமல் என் காரை உள்ளே கொண்டுவரச் சொன்னார். நான்கு சக்கரத்துக்கும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதை மட்டும் நான் எழுதவில்லை.

இப்போது லூமுட் படகுத்துறைப் பக்கம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலாளியாக இருக்கிறாராம். அதன்பிறகு நான்கு முறை லூமுட் போய்விட்டேன். நூற்றுப் பத்தில் போனாலும் ஸ்டீயரிங் அசையாது. ஆனால் நான்கு முறையும் காரை அவர் கண்ணில் படாத வேறு இடத்தில் நிறுத்தினேன்.

போன வாரம் என் கார் டயர்கள் மொட்டையாகி, மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் கடையின் புது ஆள் பழைய ஈயத்தைக் குறடால் பிடுங்கித் தகர டப்பாவில் எறிந்தார். பதினெட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. திரையில் பூஜ்யம். யாரும் பார்க்காதபோது டப்பாவைக் கிளறி, அரம் பட்ட துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

துண்டுகள் சின்னவைதான், ஆனால் இடது பக்கம் கனக்கிறது. எதிர்ப்பக்கம் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணே. இந்த ஞாயிறு ஆடிக்கொண்டே லூமுட் வந்து, காரை உங்கள் இடத்திலேயே நிறுத்துகிறேன். எத்தனை நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, என்னைப் பாருங்கள்.