ஐந்து மணிக்குள் ஒரு முத்திரை

வேலைகள் ஏன் குறித்த காலத்தில் முடிவதில்லை என்பது பற்றிப் பத்து ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். ஆய்வு நான்கே ஆண்டில் முடிந்திருக்க வேண்டியது. சிரிக்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் என் பதிவு ரத்து. பட்டம் கிடைத்தால்தான் கல்லூரியில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். நான் ஆய்வு தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள், "அப்பா, நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்களும் முடிச்சிடுங்க" என்று வாழ்த்தி அனுப்பினாள்.

மூன்று மணிக்கே பல்கலைக்கழக அலுவலகத்தில் நின்றேன். எழுத்தர் அம்மாள் ஏட்டைப் புரட்டினார்.

"வழிகாட்டி கையெழுத்து எங்க சார்?"

"உங்க முத்திரை இருந்தாத்தான் போடுவாராம் மேடம்."

"அவர் கையெழுத்து இருந்தாத்தான் நாங்க முத்திரை வைப்போம்."

வேறு யாராவது என்றால் கெஞ்சியிருப்பான். நான் ஆய்வாளன் அல்லவா? பெஞ்சில் உட்கார்ந்து வரைபடம் போட்டேன். முத்திரையிலிருந்து கையெழுத்துக்கு ஓர் அம்பு, கையெழுத்திலிருந்து முத்திரைக்கு ஓர் அம்பு. வட்டம்! திட்டமிட்ட வேலையில் இப்படியொரு வட்டம் வரவே வராது என்று மூன்றாம் அத்தியாயத்தில் பதினோரு பக்கம் நிரூபித்திருக்கிறேன். அதன்படி இந்த அலுவலகமே இருக்க முடியாது. ஆனால் இருந்தது, மின்விசிறி கூட ஓடிக்கொண்டிருந்தது.

மாடிக்கு ஓடி வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் துள்ளிக் குதிக்காத குறை.

"அபாரம்யா! மூணாம் அத்தியாயத்தை மாத்திடு."

"சார், இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"மாத்த எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள். ஆனா ஆய்வுல நான் கண்டுபிடிச்ச தாமதச் சூத்திரப்படி ஆறு வாரம்."

"சூத்திரத்தை மீறாதே" என்றார் கண்டிப்பாக.

நான் மறுபடி கீழே வந்தபோது மணி நாலேகால். அம்மாள் என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார்.

"இதுக்கா இந்த அலைச்சல்? கொடுங்க சார், இன்னைக்குத் தேதி போட்டு முத்திரையை நான் முதல்ல வெச்சுடறேன். அப்புறம் மேல போய்க் கையெழுத்து வாங்கிக்கங்க. பதினாறு வருஷமா எல்லாருக்கும் இப்படித்தான்."

"அப்போ விதி?"

"விதி சுவத்துல இருக்கு சார். வேலை மேஜையில நடக்குது."

முத்திரை அவர் கையில் உயர்ந்தது. ஐயோ, பத்து வருடம் தேடிய கள ஆதாரம் கண்ணெதிரே!

"கொஞ்சம் இருங்க மேடம்" என்று நோட்டை எடுத்தேன். "வருஷத்துக்கு எத்தனை பேர்? ஆளுக்குச் சராசரி எத்தனை நிமிஷம்?"

நல்ல மனுஷி. முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, பழைய பதிவேடுகளையெல்லாம் எடுத்துப் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் மனைவி போன் செய்தாள்.

"முடிஞ்சுதா?"

"பிரமாதமாப் போயிட்டிருக்கு!"

நாற்பத்தேழாவது கேள்வியில் அம்மாள் எழுந்து மேஜை இழுப்பறையைப் பூட்டினார்.

"மணி அஞ்சு சார்."

"மேடம், ஒரே ஒரு முத்திரை..."

"தேதி போச்சே சார். கேட்டப்பவே வெச்சுக்கிட்டிருக்கலாம்ல?"

வீட்டுக்குப் போனேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை அதே மேஜையில் புதுப்பதிவுப் படிவம் நீட்டினேன். தலைப்பு: 'இறுதி நாள் தாமதங்கள்: ஒரு கள ஆய்வு'.

"எத்தனை வருஷத்துல முடிப்பீங்க சார்?"

"ரெண்டே வருஷம் மேடம்."

அம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு அக்கறையோடு சொன்னார்:

"நான் ரிட்டையர் ஆக இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. எனக்கப்புறம் இந்த சீட்டுக்கு வர்றவங்ககிட்ட உங்களைப் பத்திச் சொல்லி வெச்சுட்டுப் போறேன் சார்."