எண்ணெய் பாட்டிலோடு வருபவர்

எண்ணெய் பாட்டிலோடு வருபவர் என்று மனிதர்களில் ஒரு தனி இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர் உடம்பில் கத்தி பட்டது என்று காதில் விழுந்தால் போதும், பையில் நாலு சாத்துக்குடியைப் போட்டு, அதன் அடியில் ஒரு பாட்டிலைச் செருகி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "டாக்டருங்க கெடக்கறாங்க, நல்லா நீவி விட்டா சரியாப் போவும்" என்று ஆரம்பித்து, ஃபேனுக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எழுந்திருப்பாரா? மாட்டார்.

இந்த இனத்தோடு நான் குடித்தனமே நடத்தியிருக்கிறேன். எனக்கு வலது மார்பில் புற்றுநோய். பெங்களூரில் அறுவை சிகிச்சை செய்து, எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்துத் தைத்தார்கள். தையல் நன்றாக ஆறிய பிறகு டாக்டரம்மா என் கையைப் பிடித்தே செய்து காட்டினார். வாசனை இல்லாத கிரீமைத் தொட்டு, விரல்களைத் தட்டையாக வைத்து, தழும்பின் மேல் மெதுவாக நீவ வேண்டும்.

"இது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடையாது, பொற்கொடி. சில பேருக்கு நாங்களே தொடாதீங்கன்னு சொல்லுவோம். உங்களுக்கு நான் காட்டினபடி மட்டும், காலையும் சாயங்காலமும். எண்ணெய் வேண்டாம். விட்டுட்டா தழும்பு இறுகிக்கும், கை மேல போகாது."

கை மேலே போகாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். கம்பெனியில் தலைக்கு மேல் தொங்கும் ஸ்க்ரூ டிரைவரை நாள் முழுக்க இழுத்து இழுத்து முடுக்குபவள் நான். என் இடத்தை இப்போதைக்குக் காலியாக வைத்திருக்கிறார்கள். எத்தனை காலம் வைத்திருப்பார்கள்?

சரி, நீவலாம். எங்கே நீவுவது? மத்திகிரியில் எங்களுடையது லைன் வீடு. ஓர் அறை, ஒரு அடுப்பு மேடை, அவ்வளவுதான். குளியலறை எல்லா வீட்டுக்கும் பொது. அந்த ஓர் அறையின் கதவைச் சாத்தினால்தான் நான் ரவிக்கையைத் தளர்த்த முடியும். அந்த அறையில்தான் காலையிலிருந்து மாதேஸ்வரி அக்கா எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். அவர் எங்கள் வீட்டு ஓனர். லைனின் முதல் வீட்டில் இருக்கிறார். ஓனரிடம் எழுந்து போங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அக்கா சும்மா உட்காருபவர் அல்ல. அடுத்தடுத்த வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நீவுவதில் எத்தனை வகை, எந்தத் திசையில் நீவினால் எந்த நரம்பு இளகும், கெலமங்கலத்தில் யாருக்கு எது கூடிவந்தது என்று பேசுவார். மார்பு என்ற சொல்லை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் அது "அந்த இடம்".

"எங்க பெரியம்மா மகளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. நீவியே சரி பண்ணிட்டம்."

"அது வயிறு, அக்கா" என்றேன்.

"எல்லாம் ஒடம்புதான கண்ணு?"

ஒரு நாள் அவர் கணவர் ஆஞ்சப்பனும் வந்தார். கால்நடைப் பண்ணையில் வேலை பார்ப்பவர், பரம சாது. அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. "எங்க பண்ணையில பசுவுக்கு மடி இறுகிச்சின்னா நாங்க என்னா பண்ணுவம்னா..." என்று ஆரம்பித்தவர், அக்கா பார்த்த பார்வையில் அப்படியே நின்று, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐயோ பாவம், அன்றைக்கு அந்த அறையில் உருப்படியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான். அவராவது வெளியே போனார்.

இப்படியே பேச்சு நடந்தது, மசாஜ் நடக்கவில்லை. அடுத்த முறை டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இறுகியிருக்கே. மசாஜ் பண்றீங்களா, இல்லையா?"

"அதப் பத்தித்தான் டாக்டர், நாள் பூரா பேசுறோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். தோளுக்கு மேல் போகவில்லை. இப்படியே விட்டால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வரலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மாதவன் ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார்.

மறுநாள் காலை அக்கா வந்தார். பாட்டில் முன்னதைவிடப் பெரியது.

"நீ சரியா நீவிக்கல கண்ணு, அதான். இன்னிக்கு நானே நீவறன். கழட்டு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாரும் தொடக் கூடாதுக்கா. நீங்களுந்தான்!" என்று கத்திவிட்டேன். அக்காவின் முகம் வாடிப் போயிற்று. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் கதவச் சாத்திக்கிறேன். நீங்க வெளிய படியில உக்காந்து ஒருத்தரையும் உள்ள விடாதீங்க. நீங்க சொன்னாத்தான் இங்க நாலு பேரு கேப்பாங்க."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. இந்த இனத்தைச் சேர்ந்த யாரால் அதைத் தட்ட முடியும்? அக்கா எழுந்து போய்ப் படியில் அமர்ந்தார். இடது கையால் மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். கிரீமை எடுத்து, டாக்டரம்மா காட்டியபடி, நிம்மதியாக நீவ ஆரம்பித்தேன்.

வெளியே அக்காவின் குரல் பாதி கன்னடத்தில் கேட்டது. "பேடா, பேடா! இப்ப வேணாம், உள்ள மசாஜ் நடக்குது. எண்ணெயா? அய்யய்யோ, இதுக்கு எண்ணெய் ஆவாதும்மா, கிரீம்தான். டாக்டருக்கே நான்தான் சொன்னன்."

அதன்பின் காலையும் மாலையும் அதுதான் வழக்கமாயிற்று. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் படியிலேயே மடக்கப்பட்டார்கள். அந்தப் பெரிய பாட்டிலும் வீணாகவில்லை. வந்தவர்களின் முழங்காலில் அதைத் தேய்த்தே அக்கா தீர்த்தார்.

ஒரு நாள் நீவி முடித்து, ஏதோ நினைவில் வலது கையை உயர்த்தி மேல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். வலது கையை! அப்படியே நின்று, மறுபடி போட்டு, மறுபடி திறந்து பார்த்தேன். வெளியே ஓடிவந்து அக்காவிடம் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து, "நீவினா சரியாப் போவும்னு மொத நாளே சொன்னனா இல்லியா?" என்றார்.

போகட்டும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் என் கதையைப் படித்தீர்களே, நடுவில் எங்காவது "அந்த அம்மா கொண்டு வந்தது என்ன எண்ணெய்?" என்று உங்கள் மனம் கேட்டதா? கேட்டது, இல்லையா? அப்படியானால் என்னைப் பார்க்கத் தாராளமாக வாருங்கள். படியில் அக்கா புதுப் பாட்டிலோடு இருப்பார். முழங்காலை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்காருங்கள்.