உள்ள இருக்கிறது வெளிய வருது

வாசகரே, சட்டைப்பை வைத்தியர் என்றோர் இனம் உண்டு. படித்தது எட்டாம் வகுப்பு. பார்ப்பது எல்லா நோயும். யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வந்துவிடும். மாத்திரையின் பெயரா? "பிரஷர் மாத்திரை." அது போதாதா?

நைனார்பாளையத்தில் இந்த இனத்தின் தலைவர் ராஜாங்கம். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மறியல்காரர்கள் வழியெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்ததில், கள்ளக்குறிச்சி பஸ் நின்று, டாக்டரிடம் போக நாதியில்லாமல் ஊர் தவித்த அந்த வாரம்தான் அவருக்குப் பொற்காலம். புரட்டாசிப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் செவ்வந்தியின் வாசலில் வந்து நின்றார்.

"பிரஷர் மாத்திரை தீந்துபோச்சிண்ணே."

"இந்தா, இதப் போடு. எனக்கு ஒரே நாள்ல கேட்டுச்சி."

மூன்றாம் நாள் அவள் கையெல்லாம் சிவந்த தடிப்பு.

"அரிச்சிப் புடுங்குதுண்ணே!"

"அரிக்கட்டும். உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது. வுடாம சாப்புடு."

மறுநாள் முதுகிலும் பரவியது. "ஜாஸ்தியா வருதா? ரொம்ப நல்லது!" ஊரே கோரிக்கையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில் செவ்வந்தியின் தோலும் கோரிக்கை வைத்தது. கேட்பாரில்லை.

ஐந்தாம் நாள் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. அவள் புருஷன் வேடியப்பன் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்தான். தன் நோயாளியை விட்டுவிடுவாரா? ராஜாங்கமும் இன்னொரு சைக்கிளில் பின்னாலேயே போனார். சாய்ந்த மரத்தருகே மறியல்காரர்கள் எழுந்தார்கள். "இன்னாக்கா, மூஞ்சி இப்டி வீங்கிக்கினு கீது? டேய், சைக்கிளத் தூக்குங்கடா!" மரத்துக்கு மரம் தூக்கித்தான் விட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் ஊசி போட்டார். மூச்சு சீரானதும், வேடியப்பன் நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எவன் குடுத்தான் இந்த மாத்திரய? இன்னும் ரெண்டு வேள முழுங்கியிருந்தா பொணமாத்தான் வந்திருப்ப."

ராஜாங்கம் சுவரிலிருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். கை மட்டும் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது. சொறிந்துகொண்டே இருந்தது.

"நீங்க. சட்டக் கையத் தூக்குங்க."

மணிக்கட்டிலிருந்து தோள்வரை அதே தடிப்பு.

"எப்போலேர்ந்து?"

"பத்து நாளா... அந்த மாத்திர எனக்கு ஒத்துக்கல சார். நிறுத்திட்டேன். மிச்சம் வீணாப் போவுதேன்னு..."

வேடியப்பன் திரும்பிப் பார்த்தான். "ஆமா மச்சான். உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சி."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? ஒத்துக்கொள்ளாமல் பாதியில் நிறுத்திய அட்டை ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமே? வீணாகப் போகிறதே, யாருக்காவது ஆகட்டும் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்?

எதற்கும் அந்தச் சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்குங்கள், பார்ப்போம்.