வரி குறைந்த பருப்பு

இறக்குமதிப் பண்டம் ஒன்றின் வரி குறைக்கப்பட்டால், அன்று முதல் துறைமுகத்தில் விடுவிக்கப்படும் சரக்குக்கே குறைந்த வரி பொருந்தும். கடைச் சாக்கில் ஏற்கெனவே இருப்பதற்குப் பொருந்தாது. பதுளை மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைப் பிறருக்கு விளக்கிச் சலித்தவன் நான். (விளக்கியவனுக்கும் அது நினைவிருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை.)

நான் ஓய்வுபெற்ற பிறகு, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் தங்கையின் கணவர் இறந்துபோனார். பருப்பில்லாமல் மச்சானுக்குச் சோறு இறங்காது. கருமாதிப் படையலுக்கும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களின் சாப்பாட்டுக்கும் பருப்பு வாங்கப் புறப்பட்ட தங்கையை நான் தடுத்தேன்.

"பொறும்மா. பருப்பு வரி குறையப் போவுது. வர்த்தமானியில அரசாங்க அறிவிப்பு வரட்டும்."

"படையலுக்கு முன்னாடி வந்துருமாண்ணே?"

"வந்துரும்."

வந்தது, கருமாதிக்கு முதல் நாள். அதன் பிரதியோடு ஹாலிஎலக் கடைக்குப் போனேன். விலை அப்படியே இருந்தது.

"ஐயா, இது பழைய வரி கட்டி வந்த பருப்பு. வரி குறைஞ்ச பருப்பு இன்னும் கப்பல்ல இருக்குங்க" என்றார் முதலாளி.

பேசாமல் வாங்கியிருக்கலாம். நானோ வர்த்தமானியை உரக்க வாசித்தேன். முறைப்பாடு செய்வேன் என்றேன். அவர் சாக்கின் வாயைக் கட்டினார்.

"அப்ப பருப்பு இல்லீங்க. கப்பல் வந்ததும் வாங்க."

இருப்பை மறைப்பது குற்றம் என்று அதையும் விளக்கினேன். அடுத்த கடைக்கு நான் போவதற்குள் என் புகழ் போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதத்தோடு ஒரு கிழவர் வருகிறார் என்றதும் ஊரிலேயே பருப்பு தீர்ந்துபோனது.

மறுநாள் படையலில் பூசணிக்காய் இருந்தது. தங்கை இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு எப்படிண்ணே சோறு இறங்கும்?"

நான் இன்னொரு கரண்டி பூசணிக்காய் எடுத்து இலையில் வைத்தேன்.

(பந்தியில் ஒருவர் "பருப்பு எங்கப்பா?" என்று கேட்க, இன்னொருவர் "கப்பல்ல வருது" என்றார். இன்றுவரை அந்த லயத்தில் சம்பளம், பஸ், மாப்பிள்ளை வீட்டார் என்று எது தாமதமானாலும் கப்பலில்தான் வருகிறது.)

முறைப்பாட்டை அனுப்பினேன். நினைவூட்டலும் அனுப்பினேன். ஒருவழியாகப் பதில் வந்தது. நான் மேலே முதலில் எழுதியிருக்கும் அதே விதி. அதோடு, அந்த வரி மீண்டும் கூட்டப்பட்டுள்ளதையும் தயவுடன் அறியத் தந்திருந்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். என்னிடம் கேட்காமலே வாங்கிய பருப்பு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அன்று மச்சானின் முதலாம் ஆண்டுத் திவசம்.