இருபதாவது பட்டை

மோத்ரா, ஜூன் 3

மாண்புமிகு பேராசிரியர் ஷ்டெஃபன் கலினா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென்றும், இந்த வருடப் பனி தங்கள் ஆப்ரிகாட் மரங்களை விட்டுவைத்தது என்றும் நம்பி எழுதுகிறேன். நான் தங்கள் ஆய்வு மாணவி ஒட்டிலியா ஹ்ரீவ்னாகோவாவின் தகப்பன், வெண்டெலீன் ஹ்ரீவ்னாக். முப்பத்தோரு வருடம் வார்ப்பாலையில் அச்சுத் தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவன். வரும் வியாழக்கிழமை என் மகள் முனைவர் பட்டத்துக்காகத் தங்கள் மன்றத்தின் முன் நிற்கப்போகிறாள். அதற்குள் நான் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வது கடமை.

சென்ற ஆகஸ்டில் தங்கள் பட்டறை ஆட்கள் எல்லோரும் குரோவேஷியாவில் கடல் குளிக்கப் போயிருந்தார்கள். ஒட்டிலியா ஒரு சுத்த இரும்புத் தகட்டைக் கொண்டுவந்தாள். அகலம் இருபது சென்டிமீட்டர். "அப்பா, ஒரு சென்டிமீட்டர் அகலத்துல இருபது பட்டை. ஒண்ணுகூடக் குறையக் கூடாது. வேற தகடு வர மூணு மாசமாகும்" என்றாள். "எனக்கா சொல்லித் தர்றே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வார்த்த இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சு செய்பவனின் அளவுகோலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்த அளவு கூடுதலாக இருக்கும். என்னிடம் வேறு அளவுகோல் இருந்ததில்லை. எங்கள் விடுமுறைக் குடிலின் கதவு சாத்தாததற்கும் அதுவே காரணம் என்பாள் மனைவி. பத்தொன்பது பட்டைகள் வெட்டினேன். மிஞ்சியது எட்டு மில்லிமீட்டர்.

குடிலின் சமையலறை விறகடுப்பில், மேல்வாயை மூட ஒரு வார்ப்பிரும்பு வளையம் உண்டு. வார்ப்பில் சீக்கிரம் ஆறிவிட்டதால் உடைந்த இடம் வெள்ளையாக மின்னும், அரம் ஏறாத சரக்கு. ஆலை கழித்துவிட்டதை நான்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். அதில் ஒரு துண்டை உடைத்து, சாணைச் சக்கரத்தில் இரண்டு நாள் தேய்த்து, பளபளப்பாக்கி, இருபதாவது பட்டையாக வைத்துக் கொடுத்தேன். மனைவி அகாதா கேட்டாள், "வளையம் எங்கே? லோக்ஷா ரொட்டிய இனி எதுல சுடறது, உங்க தலையிலயா?" வெடித்துவிட்டது என்றேன். இது இரண்டாவது பொய்.

பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். கெட்டியான காஸ்டிக் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சியதும் பத்தொன்பது சுத்த இரும்புப் பட்டைகளும் அரைமணி நேரத்தில் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொண்டு, கரைய மாட்டேன் என்று நின்றுவிட்டன. இருபதாவது மட்டும் கரைந்துகொண்டே போனது. கரைசல் பழுத்த பிளம் பழம்போல ஊதாவானது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஃபெர்ரேட் உண்டாகிவிட்டது என்று ஒட்டிலியா தொலைபேசியில் சந்தோஷத்தில் அழுதாள். "அப்பா, இந்த மாதிரியே இன்னும் ஆறு பட்டை வேணும்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செஞ்சேன்னா, மீதி வளையத்தையும் தேய்ச்சேன், அதுவும் போதாம அடுப்பு மூடியையும் எடுத்துட்டேன், அகாதா ஒரு வாரம் பேசல, அதுக்குள்ள நவம்பர் வந்துடுச்சு, குளிர்ல அடுப்பே இல்ல. அத்துடன் நிறுத்திக்கொண்டேன். மேற்கொண்டு அவள் கேட்டபோது முதுகு வலி என்றேன்.

ஐயா, நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு அந்த அடுப்பின் மேல் நிற்கிறது. சுத்த இரும்பு என்று அவள் நம்பி எழுதியது எதுவும் சுத்த இரும்பு அல்ல. மன்றத்தில் யாராவது அதைக் கண்டுபிடித்தால் ஐந்து வருட உழைப்பு போய்விடும். பழி என்னுடையது. தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். அவளுக்கு இன்னொரு ஆறு மாதமாவது கொடுங்கள்.

தங்கள் இல்லத்தில் நோய் அண்டாதிருக்கட்டும், தங்கள் மாணவர்களின் கரைசல்கள் எல்லாம் விரும்பிய நிறத்தில் நிற்கட்டும் என்று வணங்கும்,

வெண்டெலீன் ஹ்ரீவ்னாக்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒட்டிலியா வந்துவிட்டாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். "நாப்பத்தோராவது பக்கத்துல கார்பன் அளவு போட்டிருக்கேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? சுத்த இரும்பு வளையும்ப்பா. நீங்க குடுத்தது மேசையில விழுந்ததும் ரெண்டாப் போச்சு. குடில்ல அடுப்பு வளையத்தையும் காணோம். அன்னைக்கே பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஆய்வேட்டின் தலைப்பே 'வெள்ளை வார்ப்பிரும்பு' என்றுதான் தொடங்குகிறதாம். நான் அட்டையைப் படிக்கவில்லை. தாங்களே இரண்டு தடவை அடுப்பைப் பற்றி விசாரித்தீர்களாம். அவளுக்கு ஒரே வருத்தம்தான்: "நவம்பர்ல ஏம்ப்பா திருடுறத நிறுத்தினீங்க? நாலு மாசம் பட்டை இல்லாம உக்காந்திருந்தேன்." ஆகவே மேலே எழுதியதில் தாங்கள் கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை, என் முகவரியைத் தவிர; அடுப்பு வளையம் ஒன்று அனுப்ப மனம் வந்தால் அது உதவும்.