நாங்கள் கொட்டிச் சேர்த்த வாட்டர் கிரெடிட்

அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ, அவர்தான் செயலாளர். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பதவிக்கு வந்தது அப்படித்தான். (வாயைத் திறந்தது கொட்டாவி விட!)

எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் அப்போது சாகக் கிடந்தது. புதிது வாங்கச் சங்கத்திடம் காசில்லை. நாற்றம் தாங்காமல் கீழ்த்தளத்துக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வந்தது ‘வாட்டர் கிரெடிட்’ என்னும் வரம். கழிவுநீரைச் சுத்தம் செய்து செடிக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிட்டால், மிச்சமாகும் நல்ல தண்ணீருக்குக் கிரெடிட். அதை ஒரு கம்பெனி விலைக்கு வாங்கிக்கொள்ளும். பழைய இயந்திரத்தை ஒரு வாரம் ஓட்டிக் காட்டினால் முன்பணம். அதில் புது இயந்திரம்.

உடனே வாட்ஸ்அப் குழுவில் பொழிந்தேன்: “எவ்வளவு சுத்திகரிக்கிறோமோ அவ்வளவு கிரெடிட். ஒத்துழையுங்கள்!”

ஒத்துழைத்தார்கள், மகாபாவிகள். சாக்கடை பெருகினால்தானே கிரெடிட் பெருகும்? மேல்மாடி ராவ் வேளைக்கொரு குளியல் போட்டார். வீட்டுக்கு வீடு திரைச்சீலை, மெத்தை உறை, மிதியடி எல்லாம் சோப்பில் ஊறின.

என் மனைவி மட்டும் கேட்டாள்: “ஏங்க, தண்ணிய மிச்சம் பண்றதுக்குத்தானே காசு தர்றாங்க? நாம கொட்டிக்கிட்டிருக்கோமே?”

“உனக்கு ஃபைனான்ஸ் புரியாது.” (எனக்கும் புரியாது.)

போர்வெல் வறண்டது. லாரித் தண்ணீர் வாங்கினோம். அதையும் கொட்டினோம்.

கடைசி நாள், கம்பெனியிலிருந்து ஒரு கன்னடத்து அம்மையார் பார்வையிட வந்தார். பெருமையோடு பேஸ்மென்ட் கதவைத் திறந்தேன். ஒரு வாரத்துச் சோப்பு முழுக்க இயந்திரத்திலிருந்து நுரையாகப் பொங்கி, படியேறி வந்து எங்களை வரவேற்றது. உள்ளே என் காரின் கூரை மட்டும் தெரிந்தது.

“அய்யோ, ஏனு சார் இது? தண்ணி மிச்சம் பண்றவங்க வாசல்ல எதுக்கு லாரி நிக்குது?”

“கிரெடிட்டுக்காகத்தான் மேடம்” என்றேன். பொய் சொல்லக்கூட மூளை வேலை செய்யவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

“கழுவணும் சார். கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

முன்பணம் போனது, இயந்திரமும் செத்தது, நாற்றம் மட்டும் முதல் மாடிக்குப் பதவி உயர்வு பெற்றது. இன்றும் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில், துண்டும் கையுமாகக் குடும்பத்தோடு ஆஸ்டின் டவுன் மாமனார் வீட்டுக்குக் குளிக்கப் போகிறோம். தெருவே கேட்கும்படி அவர் கூவுவார்: “வாங்க மாப்ளே! இன்னிக்கு எத்தனை வாளி கிரெடிட்?”

கூவிவிட்டு, நான் உள்ளே போய்த் தலையில் சோப்புப் போட்டதும் மோட்டாரை அணைத்துவிடுவார்.